வீட்டில் யாரிடம் கேட்பது?

அந்தியூர்ப் பக்கம் ஒரு பிள்ளை பெரியவளானால் தாய்மாமன் சீர்த் தட்டுகளோடு வருகிறார். மண்டபம், ஃபிளக்ஸ், விருந்து. ஊருக்கே சொல்லியாகிறது. அவள் உடம்பில் என்ன நடக்கிறதென்று அவளிடம் மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

அப்பன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அம்மா மில் வேலையில். பிள்ளை அமுச்சி வீட்டில், அதாவது அம்மாவின் அம்மா வீட்டில். இப்படியொரு வீட்டில் ஏதாவது நடந்துவிட்டால், "அப்பன் கூட இல்லாத வீடு, வேறெப்படி இருக்கும்?" என்று ஊர் முடிவுகட்டிவிடும். அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் சிறுமிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த புரூஸ் எல்லிஸ் குழுவின் 2003ஆம் ஆண்டு ஆய்வும், சின்ன வயதிலேயே தந்தையைப் பிரிந்தவர்களிடம் பதின்பருவக் கர்ப்பம் கூடுதல் என்றது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கை நம் ஊரில் அப்படியே போட முடியாது. இங்கே அப்பன் பிழைப்புக்காகத்தான் போயிருக்கிறார். ராத்திரி போனில் பேசுகிறார். அதேசமயம் அத்தை, பெரியம்மா, சித்தி என்று நிறைந்திருந்த கூட்டுக் குடும்பங்களில்தான் பதினைந்து வயதுக் கல்யாணங்களும் நடந்தன. வீட்டில் எத்தனை பேர் என்பதைவிட, பயமில்லாமல் கேட்க ஒருவராவது உண்டா என்பதுதான் என் கவலை. தமிழ்நாடு உட்பட 6 மாநிலங்களில் 2006–07இல் நடந்த இளைஞர் ஆய்வில், காதல், இனப்பெருக்கம் போன்ற விஷயங்களைப் பெற்றோரிடம் பேசியவர்கள் மிகச் சிலரே.

பிள்ளையின் காதல் வீட்டுக்குத் தெரியவரும் நாளில் போனைப் பிடுங்குகிறார்கள், பள்ளிக்கூடத்தை நிறுத்துகிறார்கள், அவசரமாக மாப்பிள்ளை தேடுகிறார்கள். தமிழ்நாட்டில் 20–24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 நிறையுமுன்பே மணமாகிவிட்டது என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. பிள்ளைகள் ஓடிப்போனால் போக்சோ. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் இந்தச் சட்டத்தில் 18க்குக் கீழ் சம்மதம் செல்லாது. ஈரோடு அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான அப்படியொரு வழக்கை 2021இல் ரத்து செய்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பதின்பருவக் காதலைத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கமல்ல என்றார். ஒவ்வொரு வீடும் உயர் நீதிமன்றம்வரை போக முடியுமா?

18 நிறையாத பெண் கர்ப்பம் என்று தெரிந்தால் மருத்துவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் பயத்திலேயே பல பெண்கள் ஆஸ்பத்திரிப் படி ஏறுவதில்லை. மருந்துக்கடை மாத்திரையை விழுங்கிவிட்டு ரத்தப்போக்கோடு கிடப்பவர்களும் உண்டு. வளரிளம் பருவத்தினருக்கென்றே 2014 முதல் தேசியத் திட்டம் இருக்கிறது, அதில் ஆலோசனை மையங்களும் உண்டு. அந்த மையத்தின் வாசல்வரை கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். "அமுச்சி, ரெண்டு மாசமா தள்ளிப்போயிருக்குது" என்று பேத்தி சொல்லும்போது கையை ஓங்காத ஆள்.