வில்லுப்பாட்டின் பல்தட ஒலிக்கலவையில் உயர்வழி வடிப்பான்: குடத்தின் ஒலியை முன்வைத்து

திறவுச்சொற்கள்: வில்லுப்பாட்டு, குடம், உயர்வழி வடிப்பான், பல்தட ஒலிப்பதிவு, கரிசல் வட்டாரம்

வில்லுப்பாட்டு ஆய்வு நெடுங்காலம் கதைப்பாடலின் பனுவலையே சார்ந்திருந்தது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூல் நிகழ்த்துதலை ஆய்வின் மையத்திற்குக் கொணர்ந்தது. நிகழ்த்துதல் ஆய்வுப்பொருளாகும்போது ஒலிப்பதிவே மூலச்சான்றாகிறது. அச்சான்றில் எந்த ஒலி நீக்கப்பட்டது என்பது, சுவடிப் பதிப்பில் எந்தப் பாடம் விடுபட்டது என்பதற்கு நிகரான வினாவாகும்.

வில், உடுக்கை, குடம், தாளம், கட்டை, புலவர், பின்பாட்டுக்காரர் ஆகியோருக்குத் தனித்தனி ஒலிவாங்கி வைத்துப் பதிவதே பல்தடப் பதிவு. நாகலாபுரம் போன்ற கரிசல் ஊர்களில் காற்றைத் தடுக்கும் மரச்செறிவு குறைவு. கயத்தாற்றில் காற்றாலைகளை நிறுவத் தூண்டிய அதே தென்மேற்குக் காற்று ஒலிவாங்கியிலும் மோதுகிறது. காற்றின் உறுமல், மேடையின் அதிர்வு, 50 ஹெர்ட்ஸ் மின்னிரைச்சல் ஆகியவை பெரும்பாலும் தாழ் அதிர்வெண்ணில் அமைபவை. ஒன்றையொன்று சாராத சம அளவு இரைச்சல் ஆறு தடங்களில் இருப்பின், கலவையில் அது ஏறத்தாழ 8 டெசிபல் உயர்கிறது. ஒவ்வொரு தடத்திலும் குறித்த எல்லைக்குக் கீழுள்ள அதிர்வெண்களைப் படிப்படியாகத் தணிப்பது உயர்வழி வடிப்பான். குரலுக்கு அதனை 80 ஹெர்ட்ஸ் அளவில் அமைப்பது பரவலான வழக்கம். நெருங்கிப் பாடுகையில் திசைசார் ஒலிவாங்கி தானே மிகுவிக்கும் தாழொலியும் இதனால் ஓரளவு அடங்கும்.

சிக்கல் குடத்தில் எழுகிறது. வாயில் மட்டையால் அடிக்கப்படும் மண்குடம் ஒரு காற்றறை ஒத்ததிர்வி. கொள்ளளவு 20 லிட்டர், வாய் விட்டம் 10 செ.மீ., பயனுறு கழுத்து நீளம் 12 செ.மீ. எனக் கொண்டால் அதன் இயல் அதிர்வெண் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ். 10 லிட்டர் குடத்திற்கு 140 ஹெர்ட்ஸ். எல்லாத் தடங்களுக்கும் ஒரே அமைப்பாக 150 ஹெர்ட்ஸில், எண்மத்திற்கு 12 டெசிபல் சரிவில் வடிப்பானை இட்டால், பெரிய குடத்தின் அடிநாதம் ஏறத்தாழ 8 டெசிபல் குறைந்துவிடும். கேட்போருக்கு அது குடமாக அன்றிப் பலகையைத் தட்டும் ஓசையாகவே தோன்றும். இரைச்சலும் இசையும் அடுத்தடுத்த அதிர்வெண்களில் வாழும் இத்தகைய கலைக்குப் பொது அமைப்புப் பொருந்தாது.

வில்லுக்குரிய தடம் இன்னும் நுட்பமானது. வில் குடத்தின் மீதே பொருத்தப்படுவதால் மணியொலியை நாடி வைத்த ஒலிவாங்கியில் குடமும் கலந்தே பதியும். அங்கு 300 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டலாம். மணியின் கூர்மை கெடாது. எனினும் வடிப்பான் அளவை மட்டுமன்றிக் கட்டத்தையும் மாற்றுவதால், எஞ்சிய குடவொலி குடத்தின் சொந்தத் தடத்தோடு கூடுகையில் ஓரளவு அழிவுறக்கூடும். ஆகவே ஒரு தடத்தைத் தனித்துக் கேட்டு வடிப்பானை அமைத்தல் போதாது. முழுக் கலவையில் கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

வடிப்பான் எல்லாவற்றையும் சீர்செய்வதும் இல்லை. காற்றின் வேகத்தால் முன்பெருக்கியிலேயே சிதைந்த குறிகையை எந்த வடிப்பானும் மீட்காது. அதற்குக் களத்தில் மயிர்த்துணி உறையே மருந்து. ஒலிவாங்கியிலோ பதிவுக்கருவியிலோ உள்ள தாழொலி வெட்டுப் பொத்தானை அழுத்திவிட்டால், வடிகட்டப்பட்ட நிலையிலேயே கோப்பு பதிவாகும். இழந்த தாழொலியை முழுமையாக மீட்டல் அரிது. ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் வடிகட்டாத மூலத்தைப் பேணப் பரிந்துரைப்பதை இங்குக் கருதவேண்டும். வடிப்பானின் அதிர்வெண்ணும் சரிவும் தடவாரியாகக் குறிக்கப்பட்டு, மூலக்கோப்போடு சேர்த்து வைக்கப்பட்டால், பிற்கால ஆய்வாளர் அதே பதிவிலிருந்து வேறொரு கலவையை உருவாக்க இயலும்.