முத்தமிட்ட நாடா

விசைத்தறி நாடா. மரம், இரும்பு முனைகள்
லங்காஷயர், இங்கிலாந்து

நாடாவின் பக்கவாட்டில் உள்ள சிறு துளையைப் பாருங்கள். ஊடைத் தார் (குறுக்கு நூல் சுற்றிய குச்சி) தீர்ந்ததும் புதுத் தாரைப் பொருத்தி, இதில் வாய் வைத்து உறிஞ்சித்தான் நூலை வெளியே இழுத்தார்கள். ஒருவர் பெரும்பாலும் நான்கு தறிகளைக் கவனித்தார். நெசவாளர்களில் பெண்களே அதிகம். நூலோடு பஞ்சுத் தூசியும் எண்ணெயும் அடுத்தவர் எச்சிலும் வாய்க்குள் போயின. இதற்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர், ‘நாடாவுக்கு முத்தம்’. தறி இரைச்சலில் குரல் எடுபடாது. உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள்.

இப்படி நெய்த துணிக்கு மிகப் பெரிய சந்தை, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியா. அங்கே அது மலிவாக வந்து குவிய, கைத்தறிகள் பல ஓய்ந்தன.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் நாடாவை வாயால் உறிஞ்சும் வழக்கத்தை 1911-இல் தடைசெய்தது. லங்காஷயர் பெண்கள் 1952 வரை காத்திருந்தார்கள்.