விரல்நுனியில் ஒரு துளி இரத்தம்: அந்த எண் யாருடையது?

மாணவர்களே, உங்கள் பாட்டியோ தாத்தாவோ விரல்நுனியில் குத்தி, 'இனிப்பு நீர்' அளவைச் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்கள் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு.

இரத்தத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல், நோயாளியின் பக்கத்திலேயே செய்யும் சோதனை இது. டெங்கிக் காய்ச்சலுக்கான விரைவுச் சோதனையும், கோவிட் காலத்தில் நீங்கள் வீட்டில் செய்த சுயபரிசோதனையும் இதே வகைதான். கோத்தா திங்கி போன்ற பரந்த மாவட்டத்துக்கு இது பெரிய உதவி. பெல்டா குடியிருப்புகளும் செம்பனைத் தோட்டங்களும் நகரிலிருந்து தள்ளியே இருக்கின்றன. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த வெள்ளத்தில் நகரமே மூழ்கியது. சாலை துண்டிக்கப்பட்டால் இரத்தக் குப்பி ஆய்வுக்கூடம் போய்ச் சேராது. கையடக்கக் கருவியோ படகில்கூடப் போகும்.

கருவி எப்படி அளக்கிறது?

சோதனைப் பட்டையில் ஒரு நொதி பூசப்பட்டிருக்கும். அது இரத்தத்திலுள்ள குளுக்கோசுடன் வினைபுரியும்போது எலக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. குளுக்கோஸ் கூடினால் மின்னோட்டமும் கூடும். அந்த மின்னோட்டத்தைக் கருவி எண்ணாக மாற்றிச் சில விநாடிகளில் காட்டும். நொதியையும் மின்முனையையும் இணைக்கும் இந்த எண்ணத்தை 1962இல் முன்வைத்தவர் அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க்.

எண் வந்த பிறகுதான் சிக்கல்

திரையில் 13.5 என்று வருகிறது. அவசரத்தில் தாதி 3.5 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? 13.5 மிக அதிகம், 3.5 மிகக் குறைவு. சர்க்கரையைக் குறைக்க வேண்டியவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க நேரிடும்! பக்கத்துக் கட்டில்காரரின் அட்டையில் எழுதினால் இரண்டு பேருக்கு ஆபத்து.

இதைத் தடுக்கத்தான் மருத்துவமனைகளுக்கான கருவிகளில் தானியக்க முறை வந்தது. முதலில் தாதி தம் அட்டையை வருடிக் காட்ட வேண்டும். பயிற்சி பெறாதவருக்குக் கருவி திறக்காது. பிறகு நோயாளியின் கைப்பட்டையிலுள்ள பட்டைக்குறியை வருட வேண்டும். அளவு தெரிந்த கரைசலால் கருவியை உரிய நேரத்தில் சரிபார்க்காவிட்டால் அது பூட்டிக்கொள்ளும். முடிவு, நேரம், பெயர் எல்லாம் கம்பியில்லா இணைப்பின்வழி நோயாளியின் பதிவேட்டுக்குப் போய்விடும். யாரும் கையால் எழுத வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். தவறான கைப்பட்டையை வருடினால், தவறும் அதே வேகத்தில் பதிவேட்டில் ஏறிவிடும். இயந்திரம் வேகத்தைத் தரும். கவனத்தை மனிதர்தான் தர வேண்டும்.

வீட்டில் செய்து பாருங்கள்

பாட்டியின் கருவியில் நாளும் நேரமும் சரியா? பட்டைகள் காலாவதியாகிவிட்டனவா? குத்துவதற்கு முன் பாட்டி கைகழுவித் துடைத்தாரா? ரம்புத்தான் உரித்த விரலில் ஒட்டிய சாறுகூட அளவை உயர்த்திக் காட்டும். அலகையும் பாருங்கள்: இங்கே மில்லிமோல், இந்தியாவில் மில்லிகிராம். நம் 7 அங்கே 126. 18ஆல் பெருக்கினால் போதும்.

அடுத்த முறை பாட்டி கிளினிக்குக்குப் போகும்போது, தேதி போட்டு நீங்கள் எழுதிய பட்டியலைக் கொடுத்தனுப்புங்கள். ஒரு நாள் எண்ணைவிட ஒரு மாத எண்கள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.