முதுகெலும்பில் கட்டி என்றால் புற்றுநோயா?



எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் முதுகு வலிக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்தார். "தசை வலிதான். முதுகெலும்பில் சின்னக் கட்டி ஒன்று இருக்கு, அதுக்குப் பயமில்லை" என்றார் டாக்டர். அண்ணன் காதில் விழுந்தது "கட்டி" என்ற ஒரே சொல்தான். வீட்டுக்கு வந்தவர் சரியாகச் சாப்பிடவில்லை, வேலைக்கும் வரவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் கடிதத்தை என்னிடம் காட்டினார். அதில் இருந்த பெயர் ஹெமாஞ்சியோமா. எலும்புக்குள் இரத்தக் குழாய்கள் பின்னிக்கொண்ட கட்டி அது. பெரியவர்கள் 100 பேரில் சுமார் 10 பேருக்கு இது உண்டு. பலருக்கு இருப்பதே தெரியாது. இது புற்றாக மாறுவது இல்லை என்றே சொல்லலாம்.

சாதாக் கட்டி மெதுவாக வளரும். பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். புற்று எலும்பை அரிக்கும், இரத்தத்தோடு நுரையீரல் வரைக்கும் போகும்.

இளவயதுப் பிள்ளைகளுக்கு இராத்திரியில் முதுகு கடுமையாக வலித்து, ஆஸ்பிரின் போட்டால் அடங்கும் ஒரு கட்டி உண்டு. ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா என்பார்கள். முதுகு வளையக்கூடும், ஆனால் புற்றாக மாறாது. அதற்காகப் பிள்ளைகளுக்கு நீங்களே ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

பயப்படாதே என்று சொல்லி இதோடு நிறுத்தினால், நான் பாதி உண்மை சொன்னவனாவேன். சில கட்டிகள் அபூர்வமாக மாறும். ஆஸ்டியோகாண்ட்ரோமா என்பது எலும்பின்மேல் முளைபோல் வளர்ந்து, நுனியில் குருத்தெலும்புத் தொப்பியோடு இருக்கும். ஒன்றே ஒன்று இருந்தால், மாறுவது 100 பேரில் ஒருவருக்குத்தான். பரம்பரையாக உடம்பில் பல முளைகள் உள்ளவர்களுக்கு ஆபத்து அதைவிடக் கூடுதல். ஆள் வளர்ந்து முடித்ததும் முளையும் வளர்வதை நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகும் வளர்ந்தால், அல்லது தொப்பியின் கனம் 2 சென்டிமீட்டருக்கு மேல் போனால், டாக்டர் சந்தேகப்படுவார். ஜயன்ட் செல் கட்டி என்ற இன்னொன்றும் அபூர்வமாக மாறும். முன்பு அதற்குக் கதிர் சிகிச்சை வாங்கியவர்கள் பல வருஷம் ஆனாலும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆகவே, "திரும்ப வந்து காட்டு" என்று தேதி கொடுத்திருந்தால், வலி இல்லையென்றாலும் போங்கள். கீழ்க்கண்டவை தெரிந்தால் தேதிக்குக் காத்திராமல் வாருங்கள்:

1. படுத்தாலும் குறையாமல் நாளுக்கு நாள் கூடும் வலி, முக்கியமாக இராத்திரி வலி.
2. பழைய கட்டி திடீரென்று பெருத்தல்.
3. காரணமில்லாமல் உடம்பு இளைத்தல்.

கால் தளர்ந்தால், இடுப்புக்குக் கீழே மரத்தால், சிறுநீர் மலம் அடைத்தால் அல்லது தன்னையறியாமல் போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாதாக் கட்டியே ஆனாலும், தண்டுவடத்தை நெருக்கினால் கால் விழுந்துவிடும். அந்த நேரத்தில் தைலம் போட்டு உருவிக்கொண்டிருந்தால் நாள்தான் வீணாகும்.

படத்தைப் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால், டாக்டர் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பார். "ஊசி பட்டால் புற்று பரவும்" என்று லயத்தில் பேசுவதைக் கேட்டு மறுக்காதீர்கள். புற்றா இல்லையா என்று உறுதியாகத் தெரிய அதுதான் வழி.

அந்த அண்ணன் இப்போது பழையபடி குலை வெட்டுகிறார். அவருக்குப் போனது, எம்.சி. இல்லாமல் படுத்திருந்த மூன்று வாரச் சம்பளம்தான். கடிதம் புரியாவிட்டால் ஒளித்து வைக்காதீர்கள். உங்கள் தோட்டத்து டிரசரிடம் கொண்டுவந்து காட்டுங்கள்.