குரங்குகள் இறந்து விழுந்த காடு: ஓர் உண்ணிக் காய்ச்சல் கண்டறியப்பட்ட வரலாறு

1957ஆம் ஆண்டின் முற்பகுதி. இன்றைய கர்நாடக மாநிலத்தின் சிமோகா மாவட்டத்திலுள்ள கியாசனூர் காட்டில் குரங்குகள் அடுத்தடுத்து இறந்து விழுந்தன. அதே காலப்பகுதியில் காட்டோரக் கிராமங்களில் பலர் கடும் காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர். சிலர் உயிரிழந்தனர். விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் காட்டுக்குள் சென்றுவந்த ஏழை மக்களே அவர்களில் பெரும்பாலானோர். அவர்கள் இதனைக் 'குரங்கு நோய்' என்றே அழைத்தனர்.

செய்தி புனேயிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தை எட்டியதும் அங்கு பெரும் பதற்றம் உருவானது. தென் அமெரிக்கக் காடுகளில் குரங்குகளையும் மனிதர்களையும் ஒருங்கே கொல்லும் மஞ்சள் காய்ச்சல் ஆசியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என ஆய்வாளர்கள் அஞ்சினர். அந்நோயைப் பரப்புவது நுளம்பு. ஆனால் குரங்குகளிலிருந்தும் நோயாளர்களிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ் வேறொன்றாக இருந்தது. ரஷ்யாவில் உண்ணிகள் மூலம் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸுடன் அது நெருங்கிய தொடர்புடையது எனத் தெரியவந்தது. காட்டிலிருந்து சேகரித்த உண்ணிகளிலும் அதே வைரஸ் கண்டறியப்பட்டது. காட்டின் பெயரே நோய்க்கும் வைக்கப்பட்டது.

இந்த வைரஸ் எலி போன்ற சிறு விலங்குகளுக்கும் உண்ணிகளுக்கும் இடையே சுற்றிவருகிறது. மழைக்காலம் முடிந்ததும் நெல்மணியை விடச் சிறிய இளம் உண்ணிகள் பெருகி, சருகுகளிடையே காத்திருக்கும். அவை கடிக்கும்போது குரங்குக்கும் மனிதருக்கும் நோய் தொற்றுகிறது. நோயுற்ற குரங்கு இறந்ததும், அதன் உடலிலுள்ள உண்ணிகள் கீழே இறங்கிச் சுற்றுவட்டாரத்தில் பரவுகின்றன. எனவே இறந்த குரங்கு கிடக்கும் இடமே மிகவும் ஆபத்தானது. மாடுகள் மனிதருக்கு இந்நோயை நேரடியாகக் கொடுப்பதில்லை. எனினும் வளர்ந்த உண்ணிகள் மாட்டின் இரத்தத்தைக் குடித்தே பெருகுகின்றன. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதில்லை.

கடித்துச் சில நாட்களில் திடீர்க் காய்ச்சல், தலைவலி, தாங்கமுடியாத தசைவலி, வாந்தி ஆகியன ஏற்படும். சிலருக்கு இரத்தக்கசிவும் உண்டாகும். பாதிக்கப்படும் நூறு பேரில் மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கின்றனர். வைரஸை அழிக்கும் தனி மருந்து இல்லை. தக்க நேரத்தில் வைத்தியசாலையில் சேர்த்துப் பராமரிப்பதே உயிரைக் காக்கும் வழி.

காட்டில் மனிதர் கைவைக்கும்போது நோயும் இடம்பெயர்கிறது. 1982-83இல் தட்சிண கன்னட மாவட்டத்தில் மரமுந்திரிகைச் செய்கைக்காகக் காடு அழிக்கப்பட்டதைத் தொடர்ந்து 1,500க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். சுமார் 150 பேர் இறந்தனர். காட்டை வெட்டச் சென்ற கூலித் தொழிலாளர்களும் அயலிலுள்ள கிராமத்தவர்களுமே அதன் விலையைக் கொடுத்தனர். பின்னர் கேரளா, கோவா, தமிழ்நாட்டின் நீலகிரி வரை இந்நோய் அறியப்பட்டது. நெடுங்காலம் வழங்கப்பட்ட தடுப்பூசியும் போதிய பலன் தராததால் 2022இல் நிறுத்தப்பட்டது.

ஆகவே இன்றும் அங்கு முதற் பாதுகாப்பு மக்களின் கவனமே. உடலை மூடிய உடை, காட்டிலிருந்து திரும்பியதும் குளித்து உடலைச் சோதித்தல், உண்ணியைக் கையால் நசுக்காது சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து அகற்றுதல் என்பன அவசியம். இறந்த குரங்கைக் கண்டால் தொடாமல் உடனே சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டும். அந்த ஒரு தகவல் கிடைத்தால், நோய் மனிதரை எட்டுமுன்னரே அவ்விடத்தில் உண்ணிகளை அழிக்க முடியும்.