பாட்டி கொடுத்த கடலை உருண்டை

என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் வேப்பந்தட்டை. பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் இருக்கிறது. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பருத்திக் காடும் மக்காச்சோளக் காடும் மாறி மாறிக் கூடவே ஓடி வரும். குழந்தை இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? முன்னெல்லாம் பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் வாங்கிக்கொள்வேன். இந்தத் தடவை கமலாப் பழம் வாங்கினேன். "வறுத்த கடலைங்க, சூடா இருக்கு!" என்று கூவியவரைப் பார்த்ததும், கடன்காரரைக் கண்டவள் போல ஒதுங்கி நடந்தேன்.

காரணம், தங்கையின் நாலு வயதுப் பெண். உங்களுக்கும் எனக்கும் ஏழை பாதாமாக இருக்கும் நிலக்கடலை அவளுக்கு விஷம்!

குழந்தைக்குப் பதினாலு மாதம் இருக்கும்போது பாட்டி ஆசையாகக் கடலை உருண்டையில் ஒரு துணுக்கைப் பொடி செய்து நாக்கில் வைத்தாராம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. உதடு தடித்தது, உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடிப்பு, வாந்தி, பிறகு இருமல். மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் அடிப்பது போல ஒரு சத்தம். பாட்டி திருஷ்டி கழிக்க மிளகாயைத் தேடினார். தங்கையின் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே தொடையில் ஓர் ஊசி போட்டார்கள். சில நிமிஷங்களில் குழந்தை கண் விழித்து அம்மாவைப் பார்த்தது.

அந்த ஊசி அட்ரினலின். அந்த வியாதியின் பெயர் அலர்ஜி. தமிழில் ஒவ்வாமை என்கிறோம். 1906-ஆம் வருஷம் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் கிளெமன்ஸ் வான் பிர்க்கே என்பவர்தான் 'அலர்ஜி' என்ற சொல்லை உண்டாக்கினார். நம் உடம்புக்குள் நோய்க் கிருமிகளோடு சண்டை போட ஒரு சேனை இருக்கிறதல்லவா? அந்தச் சேனை ஆளைத் தவறாக அடையாளம் கண்டுகொள்வதுதான் அலர்ஜி. கடலையில் உள்ள புரதத்தை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. அடி விழுவதென்னவோ குழந்தையின் மேல்தான்.

நம் நாட்டில் இது அபூர்வம். பெங்களூர், மைசூர்ப் பக்கத்துப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2020-இல் வெளியானது. உணவு அலர்ஜி இருக்கக்கூடியவர்கள் ஆயிரம் பேருக்கு ஒன்றிரண்டு பேர்தான் என்று கண்டார்கள். அபூர்வம் என்பது நல்ல செய்திதானே என்பீர்கள். அந்த ஒன்றிரண்டில் ஒரு குழந்தையைப் பெற்றவளுக்கு அதுவே கஷ்டம். சொன்னால் நம்புவதற்கு ஆளில்லை!

"எங்க காலத்துல இதெல்லாம் ஏது? கடலையைத் தின்னுதானே வளர்ந்தோம்!" என்றாராம் மாமியார். கொஞ்ச நாளில் வேறொரு கவலையும் சேர்ந்துகொண்டது. "பொம்பளப் புள்ள. வியாதிக்காரின்னு ஊர்ல பேராயிட்டா, நாளைக்கு ஒரு இடத்துல கேட்க மாட்டாங்களா?"

ஆகவே வீட்டில் ஒரு தீர்மானம்: வெளியே மூச்சு விடுவதில்லை. யாராவது பலகாரம் நீட்டினால் 'வயிறு சரியில்லை' என்று சொல்லிவிடுவது. ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

பிறகு ஒரு காது குத்துக் கல்யாணம். தங்கை பந்தியில் உட்கார்ந்திருந்தாள். 'பாவம், புள்ளைய எப்பவும் பட்டினி போடுறாளே' என்று இரக்கப்பட்ட உறவுக்காரப் பெண்மணி ஒருவர், குழந்தையைத் தனியே அழைத்துப் போய் ஒரு பிடி மிக்சர் கொடுத்துவிட்டார். மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் ஊசி. அன்று இரவு முழுவதும் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தரம் அடங்கியது சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் கிளம்பலாம் என்பதால், டாக்டர் வீட்டுக்கு அனுப்பவில்லை.

"மிக்சர் கொடுத்தவங்க அழுத அழுகையைப் பார்க்க முடியலை, அக்கா" என்றாள் தங்கை. "அவங்க மேல என்ன தப்பு? நான்தானே சொல்லலை! பகையாளி கொடுத்தா வாங்க மாட்டோம். என் புள்ளைக்கு ஆபத்து வந்ததெல்லாம் பிரியமான கையிலிருந்துதான்."

மறுநாளே அவள் மௌனத்தை உடைத்தாள். தெருவில் வீடு வீடாக ஏறிச் சொன்னாள். மளிகைக் கடையில் சொன்னாள். அங்கன்வாடி டீச்சரிடம் சொன்னாள்.

சொல்லாமல் விடுவதால் வரும் கேட்டுக்குப் பெரிய தேசங்களும் விலக்கல்ல. 2016 ஜூலையில் லண்டனிலிருந்து பிரான்சிலுள்ள நீஸ் நகரத்துக்கு விமானம் ஏறிய நடாஷா எட்னான்-லபெரூஸ் என்ற 15 வயதுப் பெண், விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியைச் சாப்பிட்டாள். அவளுக்கு எள் ஆகாது. ரொட்டி மாவுக்குள் எள் கலந்திருந்தது. உறையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விமானத்திலேயே அவளுடைய தகப்பனார் இரண்டு ஊசி போட்டும் அவள் பிழைக்கவில்லை. பெற்றோர் விடாமல் போராடினார்கள். கடையிலேயே தயாரித்து உறையிட்டு விற்கும் பண்டங்களிலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதை அச்சிட வேண்டும் என்று சட்டம் வந்தது. 2021 அக்டோபர் 1 முதல் பிரிட்டனில் அமலில் இருக்கும் அதை 'நடாஷா சட்டம்' என்றே அழைக்கிறார்கள்.

நம் நாட்டிலும் 2020-ஆம் வருஷத்து விதிகளின்படி, பாக்கெட்டில் விற்கும் பண்டங்களில் பால், முட்டை, மீன், நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, கோதுமை முதலியவை இருந்தால் தனியே குறிப்பிட வேண்டும். ஆனால் பந்தியில் விழும் பொரியலுக்கு ஏது உறை? கோயில் தொன்னையில் ஏது அச்சு? நம் ஊரில் வாய்தான் லேபிள்!

அந்த வாய்க்கும் ஒரு சிக்கல் இருக்கிறது பாருங்கள். கடலை மாவு என்றால் அது கொண்டைக்கடலை வம்சம். கடலை எண்ணெய் என்றால் நிலக்கடலை வம்சம்! பொட்டுக்கடலைச் சட்னியில் நிலக்கடலை இருக்காது. கடலைச் சட்னியில் இருக்கும். 'கடலை சேர்த்தீர்களா?' என்று கேட்டால், இல்லை என்பவரும் உண்டு என்பவரும் வேறு வேறு கடலையை நினைத்துச் சொல்வார்கள். அதனால் தங்கை இப்போது 'வேர்க்கடலை, மண்ணுக்குள்ளே காய்க்கிறது' என்று விளக்கியே கேட்கிறாள். எண்ணெயிலும் அவளுக்கு ஜாக்கிரதை உண்டு. நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக நீங்கிவிடும். செக்கில் ஆட்டியதில் தங்கிவிடும். ஆகவே அவள் சமையல் முழுவதும் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெயில்தான். அந்த இரண்டும் குழந்தைக்கு ஒத்துக்கொள்கின்றன.

'கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடாதா?' என்று மாமியார் கேட்டாராம். அசட்டுக் கேள்வி அல்ல. லண்டனில் டாக்டர் கிடியன் லாக் குழுவினர் 640 கைக்குழந்தைகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். அலர்ஜி வரக்கூடும் என்று கருதப்பட்ட குழந்தைகள் அவை. 2015-இல் முடிவு வெளியானது. கடலையே கொடுக்காமல் வளர்த்தவர்களில் ஐந்து வயதில் நூற்றுக்கு 17 பேருக்கு அலர்ஜி. சிறு வயதிலேயே கொடுத்து வந்தவர்களில் 3 பேருக்குத்தான். ஆகப் பாட்டிமார் வழக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் அது அலர்ஜி வருமுன் காக்கும் வழி. வந்துவிட்ட குழந்தைக்கு வீட்டில் பழக்கிப் பார்ப்பது நெருப்போடு விளையாடுவது. பால், முட்டை அலர்ஜி பெரும்பாலான குழந்தைகளை வளர வளர விட்டுவிடும். கடலை அலர்ஜி ஐந்தில் ஒரு குழந்தையைத்தான் விடுகிறதாம். விட்டதா என்று சோதிப்பதும் ஆஸ்பத்திரியில்தான்.

தங்கை வீட்டுச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. நீங்களும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்போடு மூச்சிரைப்போ, குரல் கம்முதலோ, தொடர் வாந்தியோ, மயக்கமோ வந்தால் காத்திருக்கக்கூடாது. அரிப்புக்குக் கொடுக்கும் சிரப், ஊசிக்கு ஈடாகாது. முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்புறச் சதையில் போடுவது. தங்கைக்கு டாக்டரே போடக் கற்றுக்கொடுத்து, குழந்தையின் எடைக்கேற்ற அளவையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். குழந்தையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடக்கூடாது. உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். ஊசியில் சரியாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

சாயங்காலம் எல்லோருமாகக் கோயிலுக்குப் போனோம். சுண்டல் கொடுத்தார்கள். நான் பதறிப்போய்க் குழந்தையின் கையைப் பிடிக்குமுன், அவளே அண்ணாந்து பார்த்து, "எனக்கு வேர்க்கடலை ஆகாது. இது என்ன சுண்டல்?" என்று கேட்டாள். "பச்சைப்பயறுதான் தாயி. உனக்குன்னே முதல்ல தனியா எடுத்து வச்சேன்" என்றார் கொடுத்தவர்.

வரும் வழியில் புதிதாகக் குடிவந்த ஓர் அம்மாள் எதிர்ப்பட்டார். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனார். பாட்டி குறுக்கே கையை நீட்டினார்.

"இந்தாம்மா, எங்க பேத்திக்கு வேர்க்கடலை ஆகாது. மூச்சு நின்னுடும். நாங்க யார்கிட்டயும் மறைக்கிறதில்லை. நீயும் உன் வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிவை."

தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாலு வயதுக் கண்மணி அதற்குள் ஒரு தட்டாம்பூச்சியைத் துரத்திக்கொண்டு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.