ஷீட்டைப் பார்த்த கண்கள் ஒத்துப்போனதா?

பேராக்கில் தோட்டத்துப் புகைக்கூடத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். காய்ந்த ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். பூஞ்சணமா, குமிழியா, பட்டைத் துணுக்கா என்று கண்ணால் பார்த்தே ஆர்.எஸ்.எஸ். 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். விலையும் அதன்படிதான். கடைக்காரர் ஒரு படி இறக்கினால் நஷ்டம் சிறுதோட்டக்காரருக்கு.

நண்பர்களே, இருவர் 100 ஷீட்டில் 80-க்கு ஒரே தரம் போட்டால் நல்ல ஒற்றுமைதானே என்பீர்கள். அவசரப்படாதீர்கள்! இருவருமே பார்க்காமல், பத்தில் எட்டை 'ஒன்று', மீதியை 'இரண்டு' என்று ஒதுக்கினாலும் சுமார் 68 தானாகவே பொருந்திவிடும். அதைத் தள்ளினால் மீதம் 32. அதில் உண்மையாகச் சம்பாதித்தது 12. அதாவது 0.375. ஜேக்கப் கோஹன் 1960-இல் சொன்ன 'காப்பா' இதுதான்.

ஆனால் 1-க்கும் 2-க்கும் உள்ள பிணக்கும், 1-க்கும் 5-க்கும் உள்ள பிணக்கும் ஒன்றா? தூரத்துக்கேற்ற எடையை 1968-இல் அவரே சேர்த்தார். மூவர், நால்வர் என்றால் கெண்டலின் 'டபிள்யூ' உண்டு. அது வரிசையை மட்டுமே பார்க்கும்; ஒருவர் எல்லா ஷீட்டுக்கும் ஒரு படி குறைத்தே போட்டாலும் பிடிக்காது. நம் கடைக்காரர் தப்பிவிடுவார்!

1965-இல் மலேசியா எஸ்.எம்.ஆர். முறையைக் கொண்டுவந்தது. கட்டி ரப்பரின் அழுக்கையும் சாம்பலையும் ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள். ஷீட்டுக்கு இன்றும் கண்தான்.